இலாபமில்லாத கேள்விகளை யார் கேட்பது?

ரத்தத்தில் பாக்டீரியா தொற்று பரவிய நோயாளிக்கு எத்தனை நாள் ஆன்டிபயாட்டிக் மருந்து கொடுக்க வேண்டும்? உலகின் பல மருத்துவமனைகளில் இதற்குப் பழகிப்போன விடை, 14 நாள். ஏன் 14 என்று கேட்டால், வாரக் கணக்கில் மருந்து எழுதும் வழக்கத்தைத் தாண்டி உறுதியான சான்று நெடுங்காலம் இருந்ததில்லை. 2024 நவம்பரில் வெளியான ‘பேலன்ஸ்’ ஆய்வு இந்த வழக்கத்தை நேரடியாகச் சோதித்தது. ஏழு நாடுகளில் 74 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,608 நோயாளிகள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு 7 நாள், மற்றொரு பிரிவினருக்கு 14 நாள் என மருந்து கொடுக்கத் திட்டமிடப்பட்டது. யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. 90 நாள்களுக்குள் இறந்தவர்கள், 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். பாதி நாள் மருந்து, முழு நாள் மருந்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததாக இல்லை.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகளால் தொற்று ஏற்பட்டவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, இது எல்லாருக்குமான விடையன்று. ஆனாலும் இதன் பொருள் பெரிது. ஒரு வாரம் முன்னதாக மருந்தை நிறுத்த முடிந்தால் நோயாளியின் செலவு குறையும். கையில் குத்தப்பட்ட ஊசியும் அதன்வழி வரும் புதுத் தொற்றும் குறையும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும் வாய்ப்பும் குறையும்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு எளிய கேள்வி ஏன் இத்தனை காலம் பெரிய அளவில் சோதிக்கப்படவில்லை? ஒரு மருந்தைப் பாதியளவு விற்பதால் எந்த நிறுவனத்துக்கும் இலாபம் இல்லை என்பதே முதன்மையான காரணம். அண்மைக் கால மருத்துவமனை ஆய்வுகளைத் துறைவாரியாகப் பார்த்தால், நோயாளிக்கு மிகவும் பயன்பட்ட முடிவுகளில் பல இப்படிப்பட்ட இலாபமில்லாத கேள்விகளிலிருந்து வந்திருப்பது தெரியும். அந்தக் கேள்விகளை யார் கேட்பது, அதற்கு யார் பணம் தருவது என்பது இந்தியாவுக்கு, குறிப்பாக விரிந்த அரசு மருத்துவமனைக் கட்டமைப்பைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு, கொள்கை சார்ந்த கேள்வி.

பழக்கமே சான்றாகிவிடும்போது

இதயநோய்த் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையை நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுப்பது பல பத்தாண்டுகளாக உலக வழக்கம். இதற்கு அடிப்படையான ஆய்வுகள் பெரும்பாலும் 1980களுக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் உரியவை. அடைபட்ட ரத்தக் குழாயை உடனடியாகத் திறக்கும் ஸ்டென்ட் சிகிச்சையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் அப்போது நடைமுறையில் இல்லை. சிகிச்சை முழுவதும் மாறிவிட்ட பிறகும் பழைய மாத்திரை மட்டும் பட்டியலில் தொடர்ந்தது.

ஸ்வீடன் தலைமையில் 5,020 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024இல் வெளியானது. இதயத்தின் ரத்தம் வெளியேற்றும் திறன் குறையாமல் இருந்தவர்களில், பீட்டா பிளாக்கர் பெற்றவர்களில் 7.9 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 8.3 சதவீதத்தினரும் மரணத்தையோ மறு மாரடைப்பையோ சந்தித்தனர். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2025 ஆகஸ்டில் ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வும் பயனில்லை என்றே கூறியது. அதே நேரத்தில் வெளியான நார்வே - டென்மார்க் ஆய்வில் சிறிய நன்மை தென்பட்டது. அங்கே மறு மாரடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. ஆய்வுத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இதயத் திறன் ஓரளவு குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை பயன்படுவதும் தெரிந்தது.

இந்த முரண்பட்ட முடிவுகள் அறிவியலின் தோல்வியைக் காட்டவில்லை. யாருக்கு மருந்து தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தறியும் பாதை இப்படித்தான் இருக்கும். செய்தியைப் படித்துவிட்டு எந்த நோயாளியும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கேள்வி கேட்க வேண்டிய இடம் மருத்துவரின் அறை. ஆனால், அந்த அறையில் மருத்துவர் தரும் விடைக்கு இப்போதுதான் காலத்துக்கேற்ற சான்று கிடைத்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மாரடைப்பு நோயாளிக்கு உடனே ஆக்ஸிஜன் முகமூடி மாட்டுவதும் ஒரு நூற்றாண்டுப் பழக்கம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் போதிய அளவு இருப்பவருக்கும் அதை மாட்டுவதால் பயன் உண்டா என்று ஸ்வீடன் 6,629 பேரிடம் சோதித்தது. 2017இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஆக்ஸிஜன் பெற்றோரில் 5.0 சதவீதம், பெறாதோரில் 5.1 சதவீதம். இந்த ஆய்வுக்கு ஆன செலவு மிகக் குறைவு. நாட்டின் இதய நோயாளிகள் அனைவரும் ஏற்கெனவே ஒரே பதிவேட்டில் இடம்பெற்றிருந்ததால், அதையே ஆய்வுக் கருவியாக்கிக்கொண்டார்கள். பின்னர் பீட்டா பிளாக்கர் கேள்விக்கும் ஸ்வீடனில் அதே பதிவேடுதான் உதவியது.

பணம் எங்கிருந்து வந்தது?

மேற்கண்ட ஆய்வுகளில் பொதுவான ஒரு கூறு உண்டு. பேலன்ஸ் ஆய்வுக்குக் கனடா அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பும், ஸ்பெயின் ஆய்வுக்கு அந்நாட்டின் தேசிய இதய - ரத்தநாள ஆய்வு மையமும் முதன்மைத் துணை நின்றன. ஸ்வீடன் ஆய்வுகளுக்கும் பொது நிதியே அடித்தளம். பிரிட்டன் இதற்கென்றே 2006இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் (என்ஐஎச்ஆர்) தோற்றுவித்தது. கோவிட் காலத்தில் அதன் பயன் உலகுக்குத் தெரிந்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘ரெகவரி’ ஆய்வு, மூன்றே மாதங்களில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் கண்டறிந்தது. உலகமே நம்பியிருந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பயனற்றது என்பதையும் அதே ஆய்வு உறுதி செய்தது.

மருந்து நிறுவனங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. புதிய மூலக்கூறைக் கண்டுபிடித்துச் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவரும் பெருஞ்செலவை அவை ஏற்கின்றன. ஆனால், காப்புரிமை முடிந்த பழைய மருந்தைப் புதிய வகையில் பயன்படுத்தலாமா, இருக்கும் மருந்தின் அளவைக் குறைக்கலாமா, ஒரு சிகிச்சையை அடியோடு விட்டுவிடலாமா என்று கேட்பது அவற்றின் பணியன்று. அந்தக் கேள்விகளால் மிச்சமாகும் பணம் யாருடையதோ, அவர்தான் அவற்றைக் கேட்க வேண்டும். மருந்துக்கும் காப்பீட்டுக்கும் செலவிடும் அரசும், கையிலிருந்து கட்டணம் செலுத்தும் குடும்பங்களுமே அந்தப் பணத்துக்கு உரியவர்கள்.

சென்னையில் விடை கண்ட கேள்வி

இது நமக்குப் புதிய பாடமன்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கி, ஓய்வெடுத்து, ஊட்டமாக உண்டால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிய காலம் அது. இந்தியாவின் நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை தருவது எந்த அரசாலும் இயலாது.

சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் வீட்டிலும் மறுபாதியினர் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு பெற்றனர். 1959இல் வெளியான முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது. வீட்டில் மருந்து உண்டவர்கள் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்தனர். வீட்டிலிருந்தோருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அந்த மையமே. எந்த நிறுவனத்துக்கும் இலாபம் தராத ஒரு கேள்வியை ஓர் ஏழை நாடு தன் தேவையிலிருந்து கேட்டது; செல்வ நாடுகளும் அந்த விடையைப் பின்பற்றின.

ஆனால், ஒரு விடை மற்றொரு கேள்வியை மறைத்துவிடவும் கூடும். சரியான மருந்து கிடைத்தால் எளிய உணவு உண்பவரும் குணமாவார் என்பதுதான் சென்னை ஆய்வு காட்டியது. பசியும் காசநோயும் தொடர்பற்றவை என்று அது சொல்லவில்லை. எனினும் மருந்தே முதன்மை என்றான பிறகு, உணவு பற்றிய கேள்வி நெடுங்காலம் பின்வரிசைக்குப் போய்விட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஜார்க்கண்டில் அது மீண்டும் எழுந்தது. 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவர்களிடம் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டின் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதே வழியில் சிந்தித்தது. நோயாளியின் எடை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பன போன்ற எளிய அளவீடுகளைக் கொண்டு, உயிருக்கு ஆபத்துள்ளவர்களை நோய் உறுதியான உடனே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் முறை 2022இல் தொடங்கியது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அறுவை அரங்கிலும் மகப்பேறு அறையிலும்

மும்பை டாடா நினைவு மருத்துவமனை வழிநடத்தி 2023இல் வெளியான ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குச் சற்று முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகைன் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. பல் மருத்துவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும், மரத்துப்போகச் செய்யும் அதே மருந்துதான். 11 மையங்களில் 1,600 பெண்கள் பங்கேற்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தோர் ஊசி பெற்ற பிரிவில் 90.1 சதவீதம், பெறாத பிரிவில் 86.4 சதவீதம். வேறு நாடுகளிலும் இது மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். எனினும் இவ்வளவு மலிவான ஒரு மருந்தில் இத்தகைய வேறுபாடு தென்படுவது அரிது.

அதே மருத்துவமனையின் மற்றோர் ஆய்வு, தலை - கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்னும் விலையுயர்ந்த நோயெதிர்ப்பு மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். மலிவான மாத்திரைச் சிகிச்சையோடு இந்தச் சிற்றளவையும் பெற்றவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 43.4 சதவீதம், மாத்திரை மட்டும் பெற்றோரில் 16.3 சதவீதம். முழு அளவுக்கு இது ஈடா என்பதை இந்த ஆய்வு ஒப்பிடவில்லை. ஆனால், முழு அளவை வாங்கவே இயலாத பெரும்பான்மையினருக்கு, ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் ‘முழு அளவு’ என்பதற்கும் இடையே ஒரு வழி இருப்பதை இது காட்டியது. இப்படியொரு கேள்வி, மருந்தை விற்பவரிடமிருந்து எழுந்திருக்க வாய்ப்பில்லை.

மகப்பேற்றுத் துறையில் இதற்கு இணையானது ‘இ-மோட்டிவ்’ ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களை உள்ளடக்கி நடந்தது. பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதே வழக்கம். அதற்குப் பதிலாக, அளவுக் குறிகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழ் விரித்தார்கள்; ரத்தப்போக்கு வரம்பைத் தாண்டியதும் எல்லா முதல்நிலைச் சிகிச்சைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். வழக்கமான முறையில் ரத்தப்போக்கில் பாதிதான் கண்டறியப்பட்டது. விரிப்பு முறையில் 93 சதவீதம் கண்டறியப்பட்டது. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் தாயின் மரணம் ஆகிய விளைவுகள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தன. இத்தகைய அளவு விரிப்பு, கர்நாடகத்தின் பெலகாவி பகுதிக் கிராமங்களில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஏற்கெனவே பயன்பட்டது என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

பிளாஸ்மா தந்த பாடம்

விடை கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? கோவிட் கால அனுபவம் ‘போதாது’ என்கிறது. தொற்றிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மாவை நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சையை ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது. உலகில் இப்பொருள் குறித்து நடந்த தொடக்ககால ஆய்வுகளில் இது முக்கியமானது. நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்ற முடிவு அதே ஆண்டு அக்டோபரில் வெளியானது.

இரண்டாம் அலையில், 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும், நாடெங்கும் குடும்பங்கள் சமூக ஊடகங்களில் பிளாஸ்மா தேடி மன்றாடின. கொடையாளரைக் கண்டுபிடிக்க இரவு பகலாக அலைந்தன. 2021 மே மாதத்தின் நடுவில்தான் தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. நம் மருத்துவமனைகளே கண்டறிந்து, நம் பொதுப்பணத்தில் பெற்ற விடை, நம் நோயாளியின் படுக்கையை அடைய ஏழு மாதங்களாயின. அந்த மாதங்களில் மக்களின் பொருளும் நேரமும் நம்பிக்கையும் பயனற்ற ஒன்றில் கரைந்தன. ஆய்வு முடிவை மருத்துவரின் மருந்துச் சீட்டு வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு எவருக்கும் தெளிவாக ஒப்படைக்கப்படாததே இதற்குக் காரணம்.

இரவல் விடைகளின் ஆபத்து

செல்வ நாடுகள் ஆராயட்டும். விடையை நாம் எடுத்துக்கொள்வோம் என்று இருந்துவிடலாமே என ஒருவர் கேட்கக்கூடும். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு அதற்கு மறுமொழி கூறுகிறது. கடுங்காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட குழந்தைக்கு உடனே நரம்புவழித் திரவத்தை வேகமாகச் செலுத்த வேண்டும் என்பது மேலைநாட்டு வழிகாட்டுதல். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, வேகமாகத் திரவம் பெற்றவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெறாதவர்களில் 7.3 சதவீதத்தினர் இறந்தனர். 2011இல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. நன்மை என்று எண்ணிச் செய்தது, வேறொரு சூழலில் உயிர்களைப் பறித்திருக்கிறது.

பேலன்ஸ் ஆய்வு பெரும்பாலும் செல்வ நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. கார்பபெனம் போன்ற கடைசிநிலை மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் மலிந்த இந்தியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஏழு நாள் கணக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அதை இங்கேதான் சோதித்து அறிய முடியும்.

வயிற்று அறுவையின் முடிவில், தோலைத் தைக்கும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் புண் சீழ்ப்பிடிப்பது குறையுமா என்ற கேள்விக்கு, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022இல் விடை தந்தது. தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16.0 சதவீதமாகக் குறைந்தது. நம் மருத்துவர்கள் உழைத்தார்கள், நம் நோயாளிகள் பங்கேற்றார்கள். நிதி கொடுத்தது பிரிட்டன் மக்களின் வரிப்பணம். நன்றி பாராட்ட வேண்டியதுதான். ஆனால், அடுத்து எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதையும் நிதி தருபவரே முடிவு செய்வார்.

ஏழைகள் மீது சோதனையா?

அரசு மருத்துவமனைகளில் ஆய்வு என்றதும் எழும் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2009-10இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி செலுத்திய திட்டத்தில், ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. ஆந்திரத்தில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். மருந்துச் சோதனைகள் தொடர்பாக உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. அதன் பிறகே ஒப்புதல், இழப்பீடு, நெறிமுறைக் குழுக்களின் பதிவு ஆகியன இறுக்கம் பெற்று, 2019இல் புதிய விதிகளாகத் தொகுக்கப்பட்டன. இந்தப் பாதுகாப்புகளில் எள்ளளவும் தளர்வு கூடாது.

எனினும், இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சோதிக்கப்படாத சிகிச்சையை ஆயிரக்கணக்கானோருக்கு வழக்கம் என்ற பெயரில் கொடுப்பதும் ஒரு சோதனைதான். அதில் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை, விளைவு பதியப்படுவதில்லை, யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. முறைப்படி நடக்கும் ஆய்வில் நோயாளிக்கு விளக்கம் பெறும் உரிமையும், மறுக்கும் உரிமையும், பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு பெறும் உரிமையும் உண்டு. இடையில் தீங்கு தெரிந்தால் ஆய்வை நிறுத்தச் சொல்லும் தனிக்குழுவும் உண்டு. 7 நாளா, 14 நாளா என்று மருத்துவருக்கே தெரியாதபோது, அந்த அறியாமையை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லி விடை தேடுவதே நேர்மை.

தமிழ்நாடு செய்யக்கூடியவை

முதலாவது, நிதி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக மாநிலமே மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகச் சிகிச்சைக் கட்டணத்தையும் மாநிலமே ஏற்கிறது. தேவையற்ற ஒரு சிகிச்சை குறைந்தால் முதலில் மிச்சமாவது அரசின் பணம். எனவே மருந்துக் கொள்முதலிலும் காப்பீட்டிலும் ஒரு சிறு பங்கை, மிகுதியாகச் செலவாகும் சிகிச்சைகள் குறித்த ஆய்வுகளுக்கென ஒதுக்குவது செலவாகாது, சிக்கனமே ஆகும். ஸ்டென்டின் விலைக்கு 2017இல் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது நல்ல முடிவு. மாரடைப்பின்போது ஸ்டென்ட் உயிர் காக்கிறது. ஆனால், மாரடைப்பில்லாத நிலையான இதயநோயில் முதலில் மருந்துச் சிகிச்சையே பெற்றவர்களைவிட, தொடக்கத்திலேயே ஸ்டென்டோ அறுவையோ பெற்றவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் குறையவில்லை என்று 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. நெஞ்சுவலி தணிவதில்தான் பயன் தெரிந்தது. பொருளின் விலையைக் கட்டுப்படுத்தும் அரசு, அந்தப் பொருள் யாருக்குத் தேவை என்ற கேள்வியிலும் அக்கறை காட்ட வேண்டும்.

இரண்டாவது, ஆள்பலம். பட்டமேற்படிப்பு பயிலும் மருத்துவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும் என்பது விதி. ஆண்டுதோறும் ஏராளமான ஆய்வேடுகள், ஒவ்வொன்றும் சில பத்து நோயாளிகளை வைத்து எழுதப்பட்டு, அலமாரியில் உறங்குகின்றன. பிரிட்டனில் பயிற்சி அறுவை மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளிடம் ஓர் ஆய்வை நடத்தி, அறுவைப் புண்ணின் விளிம்பைக் காக்கும் ஒரு கருவியால் தொற்று குறையவில்லை என்று 2013இல் நிறுவினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள தமிழ்நாட்டில், ஒரு துறையின் மாணவர்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒரே கேள்வியைப் பகிர்ந்துகொண்டால், முப்பது சிறு ஆய்வேடுகள் ஒரு பெரிய விடையாகும்.

மூன்றாவது, பதிவேடு. ஸ்வீடனின் வலிமை அதன் செல்வத்தில் மட்டும் இல்லை. நோயாளி வந்தது முதல் அவர் பிழைத்தாரா என்பது வரை தொடர்ந்து பதியும் பழக்கத்திலும் இருக்கிறது. நம் காப்பீட்டுத் தரவுகளில் சிகிச்சைக்கான கட்டணம் பதிவாகிறது. சிகிச்சை பெற்றவர் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்பதும் அதே பதிவில் இடம்பெறும் நிலை வர வேண்டும்.

நான்காவது, விடையை நடைமுறையாக்கும் பொறுப்பு. ஐசிஎம்ஆரும், சிகிச்சைகளின் பயனையும் செலவையும் மதிப்பிட மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் உள்ள அமைப்பும் தேசிய அளவில் இயங்குகின்றன. மாநில அளவில், புதிய சான்று வந்த குறிப்பிட்ட காலத்துக்குள் அரசு மருத்துவமனைகளின் வழிகாட்டுதலைத் திருத்தவும், பயனற்றதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கவும் அதிகாரமுள்ள நிலையான குழு தேவை. புதியதைச் சேர்க்கும் குழுக்கள் எங்கும் உண்டு. பழையதை நீக்கும் பொறுப்பைத்தான் எவரும் ஏற்பதில்லை.

வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரிடமும் மருத்துவ அறிவியல் இன்னும் விடை காணாத கேள்வி ஒன்று இருக்கிறது. எவ்வளவு மருந்து, எத்தனை நாள், உண்மையிலேயே தேவையா என்பவையே அந்தக் கேள்விகள். 1956இல் படுக்கைகளுக்கு வழியில்லாத ஓர் அரசு அத்தகைய கேள்வியைக் கேட்கத் துணிந்தது. அன்று இருந்ததைவிடப் பன்மடங்கு மருத்துவர்களும் மருத்துவமனைகளும் பொருள்வளமும் இன்று நம்மிடம் உள்ளன. விற்பவர்கள் கேட்க மாட்டாத கேள்விகளைக் கேட்பது, வாங்குபவராகவும் காப்பவராகவும் இருக்கும் அரசின் கடமை.